ஓரத்தில் இறங்கும் கோடு

வாங்க பிரதர், வாங்க. கதவு கொஞ்சம் பிடிக்கும், தோளால ஒரு தள்ளு தள்ளுங்க. அவ்வளவுதான். மழைக்கு மரம் ஊதியிருக்கு. செருப்பை உள்ளயே கழட்டுங்க, வெளிய எல்லாம் சிமெண்ட் தூசி. படியேறி வரும்போது ஆள் யாரையும் பார்த்திருக்க மாட்டீங்களே? காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நகராட்சியில இருந்து வந்து நோட்டீஸ் ஒட்டினாங்க, அதைப் பார்த்துட்டு சொந்தக்காரங்க வீடு, மாமியார் வீடுன்னு எல்லாம் ஓட்டம். நான் போகல. இந்த ஏ பிளாக்குக்கு ஒண்ணும் இல்ல. இருபது வருஷமா சுவரையும் கூரையையும் படம் புடிச்சுத்தான் சோறு திங்கிறேன், எனக்குத் தெரியாதா?

இதோ, நீங்க கேட்ட லென்ஸ். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. பூஞ்சை இருக்கா? கீறல் இருக்கா? கிடையாது. நல்லாப் பாருங்க, அவசரம் இல்ல. அரக்கோணத்துல இருந்து ரயிலேறி வந்திருக்கீங்க.

பால்கனிப் பக்கம் மட்டும் போகாதீங்க. சரி, கண்ணு போயிடுச்சு, பார்த்துட்டே வாங்க. பச்சை வலை கட்டியிருக்கே, அதுதான் பி பிளாக். பாதி. மீதிப் பாதி இல்ல.

இவ்வளவு நல்ல லென்ஸை ஏன் சார் விக்கிறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. நேர்ல வந்தா சொல்றேன்னேன். சொல்றேன், உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், இதுல உட்காருங்க.

என் தொழில் வீடு எடுக்கிறது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் நான் தொடுறதில்ல. பில்டர் கட்டி முடிச்ச வீட்டை விளம்பரத்துக்கு எடுத்துக் கொடுப்பேன், ஹோட்டல் ரூம் எடுப்பேன். ஒரு கட்டில் போட்டா நடக்க இடமில்லாத ரூமா இருக்கும். அதுல மூலையில முதுகை ஒட்டிக்கிட்டு நின்னு அகல லென்ஸ்ல எடுத்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொத்தப் பேரும் படுக்கலாம் போலத் தெரியும். பொய் இல்ல பிரதர், அது ஒரு பார்வை. ஆனா அகல லென்ஸ்ல ஒரு சனியன் இருக்கு, உங்களுக்கே தெரியும். ஓரத்துல கோடு வளையும். தூண் சாய்ஞ்சாப்ல இருக்கும், உத்தரம் தொய்ஞ்சாப்ல இருக்கும். வீடு வாங்க வர்றவன் கண்ணுல வளைஞ்ச சுவர் பட்டுதுன்னா அவ்வளவுதான், மனசுல ஒரு முள்ளு. அதனால என் படத்துல கோணல் கோடு இருக்காது. தணிகைவேல் எடுத்தா சுவர் கொத்தனார் தூக்குக் குண்டு வச்ச மாதிரி நிக்கும்னு பில்டருங்க சொல்லுவாங்க. அந்தப் பேருக்குத்தான் என்னைக் கூப்பிடுறது.

என்கிட்ட இருந்த பழைய லென்ஸ்ல பூஞ்சை ஏறிடுச்சு. ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்தா புதுவீட்டு வேலை வரிசையா வரும், அதுக்குள்ள ஒண்ணு வாங்கியாகணும். மவுண்ட் ரோட்டுப் பக்கம் நூருல்லா பாய்னு ஒருத்தர், லென்ஸ் விக்கிறவர். நம்பிக் கொடுப்பார். எடுத்துட்டுப் போங்க, டெஸ்ட் பண்ணுங்க, பிடிச்சா வச்சுக்கங்க, இல்லாட்டி திருப்பிக் கொடுங்கன்னு. அப்படி ஒரு தங்கமான மனுஷன், இப்ப நான் கூப்பிட்டா போனை எடுக்கிறதில்ல.

டெஸ்ட் பண்ண நான் எங்கயும் போகத் தேவையில்ல. இந்தப் பால்கனியில ஸ்டாண்டைப் போட்டா நேர் எதிரே பி பிளாக்கோட பக்கச் சுவர். மஞ்சள் பெயிண்ட், ஒவ்வொரு மாடிக்கும் காவி நிறத்துல ஒரு பட்டை, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். கடவுள் எனக்குன்னே போட்டுக் கொடுத்த கட்டம். பட்டை நேரா வந்தா லென்ஸ் தேறிச்சு. வளைஞ்சா பெயில்.

முதல் லென்ஸ்ல எடுத்தேன். நடுவுல நல்ல தெளிவு. வலது ஓரம் ஓகே. இடது ஓரத்துல பட்டை லேசா கீழ இறங்குது. பெயில். கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்.

அடுத்தது வேற கம்பெனி, கொஞ்சம் உசத்தி. அதுக்குள்ள ரெண்டு மூணு மழை பேஞ்சிருந்துது. எடுத்தேன். அதே இடது ஓரம், இன்னும் கொஞ்சம் கூடுதலா இறங்குது. எனக்குக் கோவம் வந்துடுச்சு. பாய்க்குப் போன் போட்டேன்.

"என்ன பாய், எல்லாம் கழிச்சுக் கட்டின சரக்கா?"

"தணிகை, என் கடை ஷட்டரைப் படம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் உங்களுக்குக் கொடுத்தேன். நேரா இருந்துது."

"இங்க நேரா இல்லையே. உள்ள கண்ணாடி ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு பாய். அதான் ஒரு ஓரம் மட்டும் இறங்குது."

அதுக்கு அவர், "ஒண்ணு பண்ணுங்க, கேமராவைத் தலைகீழாத் திருப்பி வச்சு அதே சுவரை எடுங்க. லென்ஸ்ல கோளாறுன்னா கோணல் வலது பக்கம் மாறும். மாறலன்னா..."

மாறலன்னா என்னன்னு நான் கேட்கவே இல்ல. யாருகிட்ட வந்து பாடம் நடத்துறார்? எடுத்து வைங்க நல்ல லென்ஸை, வந்து வாங்கிக்கிறேன்னு போனை வச்சுட்டேன்.

மூணாவதா வாங்கினதுதான் உங்க கையில இருக்கிறது. கடையிலயே உசத்தியானது. ஆசையா வந்து மாட்டினேன் பிரதர். விடாம மழை பேஞ்சு ஓய்ஞ்ச காலையில எடுத்தேன். கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, இடது ஓரத்துல பட்டை பல்லு இளிக்குது. முந்தின ரெண்டையும் விட அதிகம். விலை ஏற ஏறக் கோணலும் ஏறுதேன்னு தலையில கைவச்சு உட்கார்ந்துட்டேன்.

என் சம்சாரம் பூங்கோதை துணி உலர்த்திட்டு நின்னா. துணிக்கடையில பில் போடுற வேலை அவளுக்கு, கிளம்புற அவசரம். எட்டிப் படத்தைப் பார்த்தா. அப்புறம் பால்கனிக் கம்பியைப் பிடிச்சுட்டு பி பிளாக்கைப் பார்த்தா.

"ஏங்க, லென்ஸ் இல்லாமலே எனக்கு அப்படித்தான் தெரியுது."

"எப்படித் தெரியுது?"

"அந்த மூலை இறங்கியிருக்கு."

நான் சிரிச்சேன். "கண்ணும் ஒரு லென்ஸ்தான் பூங்கோதை. அதுவும் ஓரத்துல வளைக்கும்"னேன். அவ கடைசித் துணியைப் போட்டுட்டு உள்ள போனா. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் எங்களுக்குள்ள. ஒரு லென்ஸால ஒரு குடும்பம் இப்படி ஆகும்னு யாராவது நினைப்பாங்களா?

பி பிளாக் முதல் மாடியில, அந்த இடது மூலையில ரெஜினா டீச்சர் குடியிருந்தாங்க. ரிட்டயர் ஆனவங்க, சொந்த வீடு. அவங்க வீட்டுக்காரர் மரியதாஸ் சார். வாதம் அடிச்சு வலது பக்கம் பூராவும் போச்சு, பேச்சும் போச்சு. இடது கை மட்டும் வரும். ஜன்னல் ஓரமாக் கட்டிலைப் போட்டு வச்சிருந்தாங்க, வெளிய பார்த்துட்டு இருக்கட்டும்னு. பிள்ளைங்க கிடையாது. டீச்சருக்கு உலகமே அந்தக் கட்டில்தான்.

டீச்சர் ஒரு நாள் படியேறி வந்தாங்க. மூச்சு வாங்குது. "தம்பி, எங்க வீட்டு பீரோ கதவு தானா திறந்துக்குது. பாத்ரூம் கதவு மூடவே மாட்டேங்குது."

"மழைக்கு ஊதியிருக்கும் டீச்சர்."

"பீரோ இரும்பு தம்பி."

வெளிச்சுவர்ல வெடிப்பு வேற இருக்காம். பில்டரோட இன்ஜினியருக்குப் போன் போட்டாங்களாம். ஆளை அனுப்ப முடியாது, வெளிச்சுவரை போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றோம்னுட்டாங்களாம். "என் போன்ல எடுத்தா ஒண்ணும் விளங்கல. நீங்க நல்ல கேமரா வச்சிருக்கீங்களே, ஒரு படம் எடுத்துக் கொடுங்க"ன்னாங்க.

அது என்ன பெரிய விஷயம்? எடுத்து ரெடியாத்தான் இருந்துது. ஆனா கோணலோட எப்படி அனுப்புறது? அந்த இன்ஜினியர் எனக்கு வேலை கொடுக்கிற கம்பெனி ஆளு. தணிகைவேல் படம்னு பார்த்துட்டுச் சிரிக்க மாட்டானா? சாப்ட்வேர்ல ஒரு கட்டம் வரும், தெரியும்ல, கோட்டைப் பிடிச்சு மேல இழுத்தா நேராயிடும். இழுத்தேன். நாலு பட்டையும் கோடு போட்ட மாதிரி வந்துது. ஜன்னல்கிட்ட ஏதோ துணி தொங்குற மாதிரி அசிங்கமா இருந்துது, அதையும் பிரஷ் போட்டுத் துடைச்சேன். வெடிப்பை நான் தொடல பிரதர், அதைச் சொல்லிடறேன். வெடிப்பு வெடிப்பாவே இருந்துது. கோட்டைத்தான் நேராக்கினேன். அது என் தொழில்.

பூங்கோதை பின்னாடி நின்னு பார்த்துட்டு இருந்திருக்கா. "நேராக்காததை அனுப்புங்க"ன்னா.

"அது லென்ஸோட தப்பு. அதை அனுப்பினா அவனுக்குக் குழப்பமாயிடும்."

"குழம்பட்டும். குழம்பினா நேர்ல வந்து பார்ப்பான்ல."

"என் பேர்ல கோணல் படம் வெளிய போகாது."

அனுப்பிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே பதில் வந்துது. கட்டடம் நல்ல நேர்ல இருக்கு, சும்மா பூச்சு வெடிப்புதான், மழை விட்டதும் ஆள் அனுப்பிப் பூசிக் கொடுக்கிறோம்னு. கீழ ஒரு வரி, படம் ரொம்பத் தெளிவுன்னு. டீச்சர்கிட்ட காட்டினேன். "தேங்க்ஸ் தம்பி, கர்த்தர் உங்களை நல்லா வைக்கணும்"னு என் கையைப் பிடிச்சாங்க.

ஐப்பசி பொறந்துது. அடை மழை. இந்த இடமே முன்னாடி ஏரிதான், தண்ணி பழைய வீட்டுக்குத் திரும்பி வர்ற மாதிரி வரும். ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்றேன், என் ரூம்ல, இந்த ரூம்ல பிரதர், மேசையை நகர்த்தி வச்சுட்டு மரியதாஸ் சார் படுத்திருக்கார். டீச்சர் பக்கத்துல உட்கார்ந்து கஞ்சி ஊட்டுறாங்க. என் லைட் ஸ்டாண்டு எல்லாம் சமையல் கட்டுல கிடக்கு.

"மழை ஓயுற வரைக்கும் இங்கதான் இருப்பாங்க"ன்னா பூங்கோதை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. வாட்ச்மேனையும் எதிர் வீட்டுப் பையங்களையும் கூட்டி, நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்திருக்கா.

நான் கெட்டவன் இல்ல பிரதர். ரெண்டு நாள், நாலு நாள் பொறுத்தேன். ஒரு ஹோட்டல்காரன் படத்துக்கு அவசரப்படுத்துறான். ரூம்ல மருந்து வாடை, மூத்திர வாடை. சார் தூங்கவே மாட்டார், அந்த இடது கையால கட்டில் சட்டத்தைத் தட்டிக்கிட்டே இருப்பார். டக், டக், டக். நான் இந்தக் கம்ப்யூட்டர்ல கோடு பார்த்துட்டு இருப்பேன், முதுகுக்குப் பின்னாடி டக், டக். சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

டீச்சருக்கும் கூச்சம். அடுத்த வீட்ல எத்தனை நாள் இருக்கிறதுன்னு. ஒரு காலையில மழை விட்டு நல்ல வெயில். பூங்கோதை கடைக்குப் போயிட்டா. டீச்சர் மெதுவா என்கிட்ட வந்து, "தம்பி, நிஜமாவே பயமில்லையா? பூங்கோதை பயப்படுறாளே"ன்னு கேட்டாங்க.

நான் படத்தைத் திறந்து பெருசாக் காட்டினேன். "பாருங்க டீச்சர். எங்கயாவது சாய்ஞ்சிருக்கா? இன்ஜினியரே சொல்லிட்டான். பூங்கோதைக்குக் கட்டடம் பத்தி என்ன தெரியும்?"

டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு ஒவ்வொரு பட்டையா விரல் வச்சுப் பார்த்தாங்க. பள்ளிக்கூடத்துல நோட்டு திருத்துற மாதிரி. "நேராத்தான் இருக்கு"ன்னாங்க.

நானே ஆள் கூட்டினேன். நானே ஒரு பக்கம் நாற்காலியைப் பிடிச்சேன். வாசல் வரைக்கும் வந்தாச்சு, சார் அந்த நிலைக்கட்டையைப் பிடிச்சுக்கிட்டார். இடது கையால. விட மாட்டேங்கிறார். அந்தக் கையில அவ்வளவு பலம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. தொண்டையில இருந்து என்னமோ சத்தம் வருது, எச்சில் ஒழுகுது. பாவம், எங்க வீடு அவருக்குப் பிடிச்சுப்போச்சு போலன்னு டீச்சர்கிட்ட சொன்னேன். டீச்சருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "வாங்க, நம்ம வீட்டுக்குத்தானே போறோம்"னு காதுகிட்ட குனிஞ்சு சொன்னாங்க. நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டேன். மெதுவாத்தான் எடுத்தேன்.

சாயங்காலம் பூங்கோதை வந்து காலி ரூமைப் பார்த்தா. செருப்பைக்கூட கழட்டாம பி பிளாக்குக்குப் போனா. டீச்சர் வர மாட்டேன்னுட்டாங்க. "தம்பி படத்தைக் காட்டிட்டார்ம்மா, எல்லாம் நேரா இருக்கு"ன்னாங்களாம்.

மறுபடி மழை பிடிச்சுக்குச்சு. ஒரு நாளோ ரெண்டு நாளோ போயிருக்கும். காலையில நான் இதே இடத்துல உட்கார்ந்திருந்தேன். சத்தம் பெருசா இல்ல பிரதர். ஜனங்க நினைக்கிற மாதிரி இடி மாதிரி எல்லாம் இல்ல. லாரியில இருந்து ஜல்லி கொட்டுவாங்களே, அப்படி. யாரோ வீடு கட்ட ஜல்லி இறக்குறாங்கன்னுதான் நினைச்சேன். திரும்பிப் பார்த்தா பால்கனியில வெள்ளையா இருக்கு. எதிர்ல ஒண்ணும் தெரியல. தூசி அடங்க அடங்க, மேல் மாடியில ஒரு வீட்டோட சமையலறை அப்படியே வெட்டின மாதிரித் தெரியுது. சுவர்ல மாட்டின காலண்டர் ஆடுது.

டீச்சர் கீழ வாசல் கேட் பக்கத்துல மீன் வாங்கிட்டு இருந்தாங்க. கையில தட்டு. தட்டைப் பிடிச்சபடியே நின்னாங்க, கத்தல, ஓடல. மீன்காரம்மாதான் அவங்களைக் கட்டிப் பிடிச்சுட்டுக் கத்தினா. மத்த வீடுகள்ல ஆளுங்க வேலைக்குப் போயிருந்தாங்க, அடிபட்டவங்க பிழைச்சுக்கிட்டாங்க. சார் மட்டும்தான். தீயணைப்புக்காரங்க அவரை வெளிய எடுக்கச் சாயங்காலம் ஆயிடுச்சு.

அப்புறம் போலீஸ் வந்துது. பில்டர் தரப்புல வக்கீல் ஒருத்தர் என் படத்தைப் பெருசாப் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்தார். "குடியிருக்கிறவங்களே அனுப்பின படம், பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு, எங்க மேல என்ன தப்பு?"ன்னு எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டினார். என்னைக் கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன். லென்ஸ் கோணலைத் திருத்துறது உலகம் பூரா இருக்கிற வழக்கம், எந்தப் போட்டோகிராபரை வேணாக் கேளுங்கன்னேன். நீங்களும் அதே தொழில்தானே பிரதர், சொல்லுங்க, நீங்க திருத்த மாட்டீங்க?

சாரை அடக்கம் பண்ணின அன்னைக்கே பூங்கோதை டீச்சரைக் கூட்டிட்டு செய்யாறுல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. போன் எடுத்தா "ம்" மட்டும்தான். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். ஒரு தப்பான லென்ஸை நம்பினது என் குத்தமா? அதான் விக்கிறேன். இல்ல இல்ல, நீங்க பயப்படாதீங்க, லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. போன வாரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரை எடுத்துப் பார்த்தேன். அடிஸ்கேல் வச்ச மாதிரி வருது. ஏன் அப்ப மட்டும் அப்படி வந்துதுன்னு எனக்குப் புரியவே இல்ல.

முந்தாநாள் ரெண்டு பேரும் வந்தாங்க. பூங்கோதை கேட்டுக்கு வெளியவே நின்னுட்டா. டீச்சர் மட்டும் ஏறி வந்தாங்க, நீங்க வந்த மாதிரியே கதவைத் தள்ளிட்டு. ரொம்ப இளைச்சுட்டாங்க. தண்ணி கொடுத்தேன், குடிக்கல.

"தம்பி, அவர் படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. ஆல்பம் எல்லாம் அடியில போயிடுச்சு. கல்லறைக்கு ஆதார் கார்டுல இருக்கிறதைத்தான் பெருசு பண்ணி எடுத்துட்டுப் போனோம். நீங்க எடுத்ததுல எங்கயாவது அவர் இருக்காரா?"

நான் அவரை எடுத்ததே இல்லையே. இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் அந்த டெஸ்ட் படங்க ஞாபகம் வந்துது. அந்த ஜன்னல் அதுல இருக்கும்ல. முதல் லென்ஸ்ல எடுத்ததைத் திறந்து அந்த மூலையைப் பெருசாக்கினேன். இருந்தார். கம்பிக்குப் பின்னாடி முகம், இடது கை ஜன்னல் கம்பி வழியா வெளிய வந்திருக்கு. அடுத்த லென்ஸ்ல எடுத்தது. கை இன்னும் கீழ இறங்கி, சுவர்ல விரல் வச்சிருக்கார். கடைசி லென்ஸ், நான் நேராக்கி அனுப்பினேனே, அதோட அசல். தோள்பட்டை வரைக்கும் கம்பியில நுழைச்சு, உள்ளங்கையை அந்த வெடிப்பு மேல அகல விரிச்சு வச்சிருக்கார். முகம் மேல தூக்கியிருக்கு. நேரா இந்தப் பால்கனியைப் பார்க்கிறார், என்னை. அசிங்கமா துணி தொங்குதுன்னு நான் துடைச்சது அதைத்தான்.

"பாவம், எனக்கு டாட்டா காட்டியிருக்கார் டீச்சர்"னேன்.

டீச்சர் கிட்ட வந்து, திரையில அந்தக் கை மேல தன்னோட கையை வச்சாங்க. ரொம்ப நேரம் வச்சிருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"இது நேராக்காத படமா தம்பி?"

"ஆமா டீச்சர். அப்படியே கோணலா இருக்கு. கொஞ்சம் இருங்க, ஒரு நொடியில நேராக்கித் தர்றேன்."

"வேண்டாம். அவர் காட்டினது இருக்கட்டும்"னாங்க.